போட்டோவுக்கு ஒத்துப்போகாத டாக்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் முட்டாள்களைத் தேடி அலைய வேண்டாம். ரெக்கார்டு ரூம் கதவைத் தட்டினால் போதும். சவரியப்பன் அண்ணன், குழந்தைவேலு, நான் என்று மூன்று பேர் இருப்போம். டாக்டர்களின் சர்டிபிகேட் ஃபைல்களைக் கரையான் அரிக்காமல் காப்பது எங்கள் வேலை. கரையான் எங்கள் மூளைப் பக்கம் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் மேனேஜர் பர்வீன் மேடம் வந்தார்.

"மதியம் ஆய்வுக்குழு வருது. ஒவ்வொரு ஃபைலையும் ஆளோட ஒத்துப் பாருங்க. ஒத்துப்போகாதது ஒண்ணுகூட ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கக் கூடாது. இருந்தா லைசென்ஸ் போயிரும், உங்க சோறும் போயிரும்."

சோறு என்றதும் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல் டாக்டர் ஒத்துப்போனார். கண் டாக்டரம்மாவும் ஒத்துப்போனார். ஆபரேஷன் டாக்டர் திருஞானத்திடம்தான் மாட்டிக்கொண்டோம். அவர் ஒருவருக்குக் குடல்வாலை அறுக்கக் கை கழுவிக்கொண்டிருந்தார். வேலையில் சேர்ந்தபோது ஒட்டிய போட்டோவில் சுருட்டை முடி, அரும்பு மீசை, ஒட்டிய கன்னம். எதிரே நின்றவருக்கு வழுக்கை, தொப்பை, மீசையே இல்லை.

ஓரமாகப் போய் ஆலோசித்தோம்.

"ரெண்டுல எதுண்ணே கெட்டுப்போச்சு?" என்றான் குழந்தைவேலு.

"ஃபைலை நாமதான பத்திரமா வச்சிருந்தோம்? அது கெடல," என்றார் சவரியப்பன். "இவரைத்தான் வெயில்லயும் மழையிலயும் வெளிய விட்டுட்டாங்க."

"பீரோவுல வச்சிருக்கலாம்," என்றேன் நான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்க்கர் பேனாவால் மீசை வரையப் போனோம். டாக்டர் கத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். ரெக்கார்டு சரியா இருக்கு, நீங்கதான் தப்பா இருக்கீங்க," என்று சவரியப்பன் பணிவாகச் சொன்னார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை கேட்டுக்கு வெளியே விட்டோம். வாட்ச்மேனிடம் போட்டோவைக் காட்டி, "இந்த மூஞ்சி வந்தா மட்டும் உள்ள விடு," என்றோம்.

ஆய்வுக்குழு வந்தது. "நோயாளி டேபிள்ல கிடக்காரு, டாக்டர் எங்கே?" என்று கேட்டது. பர்வீன் மேடம் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோற்றில் மண் விழுந்தது என்றே நினைத்தேன்.

அப்போது வாட்ச்மேன் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். சுருட்டை முடி, அரும்பு மீசை, ஒட்டிய கன்னம். போட்டோவை வைத்துப் பார்த்தோம், அச்சு அசல். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த டாக்டரின் மகன் என்று அவன் சொன்னதை யார் காதில் வாங்கினோம்? கையில் இருந்த கேரியரைப் பிடுங்கிவிட்டுக் கத்தியைக் கொடுத்தோம். பச்சை அங்கியை மாட்டித் தியேட்டருக்குள் தள்ளினோம்.

"ஐயோ, நான் பி.காம் படிக்கிறேங்க!" என்று அலறினான்.

சவரியப்பன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாம அறுங்க டாக்டர். உங்க எம்.எஸ். சர்டிபிகேட் பத்திரமா எங்ககிட்ட இருக்கு."