ஏரிக்குச் சொன்ன விலை

முன்னொரு காலத்தில் கடலோரத்து நெய்தலூரைச் சேந்தன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். அவன் காலையில் எடுத்த முடிவு மாலைவரை நிலைத்தால் அது அந்நாட்டின் நற்பேறு.

ஒருநாள் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் மேல்தளம் முழுவதும் தொட்டிகள். அவற்றில் நீலப் பூக்கள் பூத்த மிதவைச் செடிகள். பொழுது சாயும் வேளையில் அவற்றை இறக்கிவிடலாம் என்று மன்னன் ஆணையிட்டான்.

அமைச்சர் ஆதனார் பதறிக்கொண்டு வந்தார். "அரசே, வேண்டாம்! இச்செடி சென்ற நாடுகளில் நீர்நிலைகள் மூடிக் கிடக்கின்றன. ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்தாலும் நம் பெரிய ஏரி பாழாகிவிடும். பிறகு பிடுங்கித் தீராது!"

சுங்கத் தலைவர் கடம்பர் சிரித்தார். அமைச்சர் பதவியின்மீது அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "அமைச்சர் பெருமானே, இக்கப்பலால் வரும் சுங்கம் ஆயிரம் பொன். ஏரி கெட்டால் நட்டம் எத்தனை பொன்?"

"ஏரியை யாரும் விற்றதில்லையே! விலையை எப்படிச் சொல்வேன்?"

"விலையே இல்லாத பொருளுக்கு நட்டம் ஏது? ஆயிரத்துக்கு எதிரே சுழி!"

"கணக்குச் சரிதானே, ஆதனாரே?" என்றான் மன்னன்.

சாளரத்துக்கு வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. துறையில் தொட்டிகளின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியானால் அரசே, ஒரு காசும் பெறாத அந்த ஏரியை எனக்கே தாரைவார்த்துக் கொடுத்துவிடுங்கள்."

அந்நாட்டில் கொடுப்பவர் வார்த்த நீர் பெறுபவர் கையில் விழுந்துவிட்டால் பொருள் கைமாறிவிடும். மன்னனாலும் மீட்க முடியாது. சேந்தன் உற்சாகமாக மூக்குவைத்த நீர்க் கெண்டியை எடுத்தான்.

ஆதனார் கையேந்தினார். "கடம்பரே, நாளையே மடையை அடைத்துவிடுவேன். உம் நஞ்சை நிலங்களுக்கு வேறு தண்ணீர் பார்த்துக்கொள்ளும்."

கெண்டி சாய்ந்தது. அதன் மூக்கில் ஒரு துளி திரண்டது.

"ஐயோ, நிறுத்துங்கள்!" கடம்பர் பாய்ந்துவந்து கெண்டியின் மூக்கைப் பொத்தினார். "வார்க்காதீர்கள் அரசே! ஆயிரம் பொன் நானே தருகிறேன்!"

"போதாது" என்றார் ஆதனார், ஏந்திய கையை எடுக்காமல்.

"ஐயாயிரம்! தண்ணீர் போனால் என் குடும்பமே போய்விடும் ஐயா! பத்தாயிரம்!"

"கேட்டீர்களா அரசே? ஒரு வீட்டார் சொன்ன விலை இது. ஊரில் எத்தனை வீடுகள்!"

மன்னனின் முகம் வெளுத்தது. "ஓடுங்கள்! ஒரு தொட்டியும் இறங்கக் கூடாது! கப்பல் இப்போதே திரும்பட்டும்!" என்று கூவினான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

"கப்பல் கண்ணுக்கு மறையட்டும், அரசே" என்ற ஆதனார் சாளரத்தருகே போய் நின்றுகொண்டார்.

கடம்பருக்குச் சுங்கப் பதவி போய், ஏரிக்கரைக் காவல் கிடைத்தது. ஒரு நீலப் பூ தென்பட்டாலும் அவர் வாயால் சொன்ன பத்தாயிரத்தை அவரே கட்ட வேண்டும். அதுமுதல், கரையில் யாரேனும் நீலத் துணியை நனைத்தாலும் போதும், கடம்பர் அலறிக்கொண்டு ஓடிவருவாராம்.