பூமாலையார் பலகை பெற்ற வரலாறு

இதனால் சகலமான பேருக்கும், குறிப்பாகச் சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: கலியுகத்தில் தெய்வம் நேரில் வருவதில்லை என்ற பழி, சேந்தமுனை மீன்பிடித் துறைமுகத்தில், ஒரு தை மாதக் காலையில், ஐஸ் உடைக்கும் மேடைக்குப் பக்கத்தில் வைத்து நீங்கியது. வந்த தெய்வத்தை முதலில் கண்டவர் அடியார் பூமாலையார். அவர் சரிதத்தைக் கேட்பவர்களுக்குச் சகல நன்மையும் உண்டாகும் என்று கோயில் கமிட்டியார் நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அவருக்கு என்ன உண்டாயிற்று என்று நோட்டீஸில் இல்லை.

பூமாலையாரின் தொழில் தண்ணீர் இறைப்பது. மரப்படகு கடலின் மேல் மிதக்கிறது என்று கரையில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளபடி அது கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டேயிருக்கும். துறையில் கட்டிக் கிடக்கும்போது அடிவயிற்றில் தேங்கும் நீரை யாராவது இறைக்காவிட்டால், படகு கட்டிய இடத்திலேயே குந்திவிடும். மீன் குடல், டீசல், பீடித் துண்டு, பழைய சோறு எல்லாம் ஊறிய அந்த நீரை, பாதியாக அறுத்த எண்ணெய் கேனால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவார் பூமாலையார். ஒரு படகு முடிந்ததும் அடுத்த படகுக்குத் தாவுவார். முழங்காலுக்குக் கீழே அவர் கால்கள் எப்போதும் சுருங்கி வெளுத்திருக்கும்.

ஒவ்வொரு முறை அள்ளும்போதும் “ஆத்தா” என்பார். ஊற்றுவதற்கு முன்னால் கேனை நெற்றிக்கு நேரே ஒருமுறை தூக்குவார். கடல் அவருக்குக் கடலாச்சி அம்மன். படகுக்குள் புகுந்த நீரும் அவள்தான். வழி தவறி வந்துவிட்டாள், வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்பது அவர் கணக்கு. ஐஸ் மேடைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

“பெரியப்பா, சாக்கடைக்கெல்லாம் கும்புடு போடுறியே, கக்கூசுக்குக் கற்பூரம் காட்டுவியா?”

“அதுவும் கடைசில இங்கதானடா வருது,” என்பார் பூமாலையார், இறைப்பதை நிறுத்தாமல்.

அவருக்கு ஒரே மகன், மாசிலாமணி. துறைமுகத்தின் பெரிய படகுக்காரர் இரத்தினசபாபதியாரின் விசைப்படகு ஒன்றில் டிரைவராக இருந்தான். இரத்தினசபாபதியார் பெயருக்கு முன்னால் ‘மீனவச் செம்மல்’, ‘அறச்சுடர்’, ‘கடலோரக் காவலர்’ என்று மூன்று பட்டங்கள் உண்டு. மூன்றையும் கொடுத்தது அவரே தலைவராக இருந்த சங்கம். ஐப்பசியில் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தபோது அவர் மாசிலாமணியைக் கூப்பிட்டு, “கூண்டு ஏத்துறவன் என்னைக்குடா மீன் புடிச்சான்? மத்தவன் போவாத நாள்லதான்டா வெல கெடைக்கும், போ,” என்றார். மாசிலாமணியும் வெளியூர் ஆட்கள் மூவரும் போனார்கள். திரும்பவில்லை.

கூண்டு ஏற்றிய பிறகு படகை அனுப்பியது தெரிந்தால் உரிமம் போய்விடும், வழக்கும் வரும். செம்மல் இரவோடிரவாக யோசித்து, விடிந்ததும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்: டிரைவர் மாசிலாமணி தம்மிடம் சொல்லாமல் படகைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான். படகு மூழ்கியதைப் பார்த்தவர் எவருமில்லை. வெளியூர்க்காரர்களின் பெண்டுகள் வந்து துறையில் புரண்டு அழுதுவிட்டுப் பஸ் ஏறினார்கள். பூமாலையாரும் மருமகள் கனகாம்பாளும் ஏறிப் போவதற்கு வேறு ஊர் இல்லை.

கனகாம்பாள் ஏலக்கூடத்தில் மீன் அரிபவள். செத்தவன் மனைவி என்றால் அழுவதற்கு நாலு பேர் வருவார்கள். திருடன் மனைவிக்கு எவர் வருவார்? “எந்தக் கரையிலடி இறக்கியிருக்கான் ஒம் புருசன்? அங்க ஒரு வீடு பாத்துட்டானாமே?” என்று அரிவாள்மணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். ஒரு நாள் அவள் மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

“மாமா, நான் பொட்டு வைக்கிறதா, அழிக்கிறதா? ஒண்ணு சொல்லுங்க.”

“ஆத்தாகிட்ட கேட்டிருக்கேன்மா. எம் பிள்ளை போனது போனதுதான். திருடன்னு மட்டும் போவக் கூடாது. ஏதாச்சும் ஒண்ணக் குடுத்து அனுப்புன்னு கேட்டிருக்கேன். குடுப்பா.”

அதன் பிறகும் பூமாலையார் இறைத்தார். இரத்தினசபாபதியாரின் மற்றப் படகுகளிலும் அவர்தான் இறைத்தார். மகனை விழுங்கிய தண்ணீரைக் கேனில் ஏந்தி, நெற்றிக்கு நேரே தூக்கி, “ஆத்தா” என்று சொல்லி ஊற்றினார். அடியார்களின் பெருமையே இதுதான் என்று பெரியோர் சொல்லுவார்கள். கனகாம்பாள் வேறு மாதிரி சொன்னாள். அது அச்சில் வராது.

தை மாதத்தில் கொடுத்தனுப்பினாள் ஆத்தா.

பூமாலையார் ஐஸ் மேடையோரப் படகில் இறைத்துக்கொண்டிருந்தபோது படகின் பக்கத்தில் எதுவோ தட்டியது. எட்டிப் பார்த்தார். ஆள் நீளத்துக்கு ஒரு பலகை. படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அந்த அணியத்துப் பலகை. நீலப் பெயிண்ட், பாசி, சிப்பி. அதன் மேல் வெள்ளையில் படகின் பதிவு எண். மாசிலாமணி தானே தூரிகை பிடித்து எழுதிய எண், ஓர் இலக்கம்கூடக் குறையாமல் இருந்தது. ஓடிப்போன படகு அணியத்தைக் கழற்றிக் கடலில் விட்டுவிட்டு ஓடாது என்று எந்த நீதிபதிக்கும் புரியும்.

அந்த நேரத்தில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? பலகையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடியிருப்பார். பூமாலையார் அடியார். வேண்டிக்கொண்டதைக் கடல் கொடுத்தால், கும்பிடாமல் கைவைக்கக் கூடாது. கைவைத்தால் கொடுத்ததைக் கடல் திரும்பக் கேட்கும் என்பது சேந்தமுனை வழக்கம். அவர் பலகையைக் கயிற்றால் இழுத்துக் கரையில் சாய்த்து வைத்தார். மஞ்சள் வாங்கி வந்தார். குங்குமம் வைத்தார். கற்பூரம் ஏற்றி, ஈர மணலில் விழுந்து, வாய்விட்டு அழுதார்.

கற்பூரம் எரியும் இடத்தில் கூட்டம் கூடாமல் இருக்குமா?

“என்னா வந்திருக்கு?”

“அம்மன் வந்திருக்காம். கடல்லேருந்து மெதந்து வந்து பூமாலையைக் கையைப் புடிச்சு எழுப்புச்சாம்.”

ஒருத்தி மஞ்சள் நீரைக் குடத்தோடு கொண்டுவந்து ஊற்றினாள். இன்னொருத்தி வேப்பிலை சொருகினாள். மூன்றாமவளுக்கு அருளே வந்துவிட்டது. பூமாலையார் எழுந்து, கைகளைக் கூப்பியபடியே, “அய்யா, இது எம் மவன் போன படகோட அணியம்யா. நம்பர் இருக்கு, பாருங்க,” என்றார்.

“அம்மனுக்கு நம்பரா? பெருசுக்குச் சந்தோசத்துல பேச்சுக் கொழறுது,” என்றார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரத்தினசபாபதியார் வந்தார். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் நடுவே தெரிந்த எண்ணைப் பார்த்தார். கண் இமைக்கும் நேரம்தான். மறுகணம் வெள்ளை வேட்டி சேறாக, அந்தப் பெருத்த உடம்போடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் வாழ்வில் அப்படியொரு பக்திப் பரவசம் அதற்கு முன் ஏற்பட்டதில்லை. எழுந்ததும் தோளிலிருந்த பட்டுத் துண்டை உருவிப் பலகையைச் சுற்றினார்.

“ஆத்தாளைத் தொறந்த மேனியா நிறுத்தி வேடிக்கை பாக்குறீங்களே, ஒங்களுக்கெல்லாம் அறிவிருக்கா? இங்கயே கோயில் கட்டுறோம். செலவு என்னுது.”

ஊர் குலவையிட்டது.

பூமாலையார் காவல் நிலையத்துக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம்பர் இருக்குன்னா பலகையைக் கொண்டாங்க, நான் எழுதிக்கிறேன்,” என்றார். நியாயமான பேச்சு. பூமாலையார் கமிட்டியாரிடம் வந்து, ஒரு நாளைக்குப் பலகையைத் தரும்படி கெஞ்சினார்.

“அம்மனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணுமா? என்னா பெரியவரே, ஆத்தா என்னா பிக்பாக்கெட் அடிச்சுட்டா வந்திருக்கா?”

“அப்ப மூஞ்சில இருக்கிற குங்குமத்த மட்டும் கொஞ்சம் தொடச்சா போதும். சாரு இங்க வந்து பாத்துக்குவாரு.”

“அம்மன் மொகத்தத் தொடைக்கச் சொல்றான்யா!” என்று ஒருவர் கத்த, இன்னொருவர் பூமாலையாரின் கழுத்தில் கை வைத்துத் தள்ளினார். கீழே விழுந்த இடத்திலிருந்தே அவர் பலகைக்குப் போட்டிருந்த ஓலைக் கொட்டகையைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டில் கனகாம்பாள் மீன் அரியும் கத்தியைக் கழுவி வைத்திருந்தாள். “கொட்டகைக்குக் கதவு கெடையாது. பூசாரி சோத்துக்குப் போற நேரத்துல உள்ள போயி சுரண்டிட்டு வந்துடுறேன். நம்பர் தெரிஞ்சாப் போதும், மேல விழுந்து அடிச்சா அடிக்கட்டும்.”

பூமாலையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வாணாம்மா. ஆத்தா மேல கத்தி வைக்கக் கூடாது. கும்பாபிசேகத்துல பாலு, எண்ணெய், தண்ணின்னு கொடங்கொடமா ஊத்துவாங்கல்ல? மஞ்சளும் குங்குமமும் தானா கழுவிக்கிட்டுப் போயிரும். ஊரே பாக்க நம்பர் தெரியும். கொண்டாந்து குடுத்தவளுக்குக் காட்டத் தெரியாதா?”

“ஒங்க ஆத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மாமா,” என்றாள் கனகாம்பாள். ஆனாலும் கத்தியைக் கீழே வைத்தாள். மாமனார் சொல்லைத் தட்டியதில்லை. அதுதான் அவள் செய்த பிழை.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிற்று. படகுகள் எல்லாம் கரையில், ஆட்களுக்கு வேலையில்லை, கோயில் மளமளவென்று எழும்பியது. பலகைக்கு ‘மிதந்தெழுந்த நாயகி’ என்று பெயரிட்டார்கள். வைகாசியில் கும்பாபிஷேகம். அன்று பூமாலையாரைப் புது வேட்டி உடுத்தி அழைத்துவந்து, சன்னிதிக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நிறுத்தினார்கள். பரிவட்டம் கட்டினார்கள். கட்டிய கை இரத்தினசபாபதியாருடையது. “அம்மனைக் கண்டெடுத்த அடியார்!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. காதுக்கருகே குனிந்த செம்மல், “எல்லாம் ஆத்தா செயல் பூமாலை, மனசுல ஒண்ணும் வச்சுக்காதே,” என்றார். கனகாம்பாள் பெண்கள் வரிசையில், பொட்டு வைத்தும் வைக்காமலும் ஒரு சிறிய திருநீற்றுக் கீற்றோடு நின்றாள்.

பட்டுத் துண்டை அவிழ்த்தார்கள். எண்ணெய் ஊற்றினார்கள், பால் ஊற்றினார்கள், குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் வழிந்தது. குங்குமம் வழிந்தது. பூமாலையார் இமைக்காமல் பார்த்தார். பலகையிலிருந்து, கழுவப்பட்ட சுத்தமான மரத்தில், கண், மூக்கு, வாய் எல்லாம் லட்சணமாக அமைந்த ஒரு முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. வெளியூர்த் தச்சரை வரவழைத்து, திரை போட்டு மறைத்து, இழைத்துச் செதுக்கியிருந்தார்கள். எண்ணுமில்லை, நீலமுமில்லை. அந்த உபயமும் அறச்சுடருடையதுதான்.

செதுக்கிய சிராய்களை வீணாக்கவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து, அம்மன் திருமேனிப் பிரசாதம் என்று விநியோகம் செய்தார்கள். முதல் முடிச்சு முதல் அடியாருக்கு. பூமாலையார் பிரித்துப் பார்த்தார். நகத்தளவுச் சிராய் ஒன்று, நீலப் பெயிண்ட், அதன் மேல் வெள்ளையில் ஒரு வளைவு. மூன்றின் அடிப்பாகமோ, எட்டின் அடிப்பாகமோ. மாசிலாமணியின் கைதான்.

தெய்வம் தன் அடியாரைக் கைவிடுவதில்லை. அவருக்கு உரியதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டது.

பரிவட்டத்தைக்கூட அவிழ்க்காமல் பூமாலையார் காவல் நிலையத்துக்கு நடந்தார். கனகாம்பாள் பின்னாலேயே ஓடினாள். சப்-இன்ஸ்பெக்டர் பரிவட்டத்தைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“சார், நம்பர் கேட்டீங்களே. இவ்வளவுதான் கெடைச்சுது.” பூமாலையார் முடிச்சை நீட்டினார்.

“அடடா, அம்மன் பிரசாதமா? ஸ்டேஷன் டூட்டியில மாட்டிக்கிட்டு எனக்கு வாங்க முடியல, வெறுங்கையோட போனா வீட்டுல சண்டை.” அவர் சிராயை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார், நெஞ்சோரப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். “நல்லா இருப்பீங்க பெரியவரே.”

“சார், அது...” என்று கனகாம்பாள் தொடங்கினாள்.

“ஒனக்கும் ஒண்ணு வாங்கிக்கம்மா. அங்க நெறையக் குடுக்குறாங்க.”

எடுத்துக்கொண்டவரையும் கும்பிட்டு, கொடுத்ததைத் திரும்பக் கேட்காமல், வெறுங்கையோடு வாசல் இறங்கிய பூமாலையாரின் பக்தியை மிதந்தெழுந்த நாயகி கோயிலின் தென்சுவரில் கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். இத்தகைய அடியார் ஒருவர் நடந்ததால் அந்தத் துறையின் மண்ணும் புனிதமாயிற்று என்று அது முடிகிறது.

மாசிலாமணி படகுத் திருட்டு வழக்கில் இன்னும் தேடப்படுகிறான்.