காந்தளுக்குத் தூண் நட்ட கரடி

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், குழந்தைகளே, ஒரு கரடி தானே மண் குழைத்துச் சுவர் எழுப்பி வீடு கட்டியிருந்தது. சாதாரண வீடு இல்லை. யானை வந்து முதுகு சொறிந்துகொண்டாலும் அசையாத வீடு! எதைச் செய்தாலும் பெரிதாகவும் பலமாகவும் செய்ய வேண்டும் அந்தக் கரடிக்கு. அது கதவைச் சாத்தினால் கூரையிலிருந்து மண் கொட்டும்.

அதன் மனைவி தாய்வீட்டிலிருந்து ஒரு காந்தள் கிழங்கைக் கொண்டுவந்து சுவரோரம் நட்டிருந்தது. மழைக்காலத்தில் முளைத்து, கொடியாகி, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, மழை போனதும் காய்ந்துவிடும் கொடி அது. போன வருடம் கரடி அதை நிமிர்த்தி நிறுத்துகிறேன் என்று பிடித்துத் தூக்கியது. கொடி ஒடிந்துபோனது. ஒரு பூவைக்கூட யாரும் பார்க்கவில்லை.

இந்த வருடம் பெண்கரடி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு புறப்பட்டது. வாசலில் நின்று கண்டிப்பாகச் சொன்னது:

"இந்த மழைக்கு என் காந்தள் சுவரில் பூக்க வேண்டும். ஒரு கொடியைத் தாங்கத் தெரியாத கையில் என் குட்டியை எப்படிக் கொடுப்பேன்? பூத்தால் வருகிறேன். இல்லாவிட்டால் குட்டி அங்கேயே வளரட்டும்."

"இதென்ன பெரிய காரியம்! நீ நிம்மதியாகப் போய் வா" என்றது கரடி.

முதல் மழையில் காந்தள் முளைவிட்டது. உடனே கரடி காட்டுக்குள் ஓடி, ஒரு தேக்கு மரத்தை வேரோடு பிடுங்கி வந்து, கிளைகளை எல்லாம் முறித்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் நட்டது.

கூரையில் குடியிருந்த அணில் எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணே, கோயில் கட்டப் போகிறீர்களா?"

"கொடிக்குத் துணை, தம்பி! புயலே வந்தாலும் சாயாது."

"சாயாது, சரி. கொடி ஏறுமா?"

"ஏறாமல் என்ன? இதைவிடப் பெரிய மரத்தில் எல்லாம் நான் ஏறியிருக்கிறேன்!"

கொடி ஏறவில்லை. காந்தளுக்குக் கை என்று இருப்பது இலையின் நுனிதான். நூல் மாதிரி மெலிந்த அந்த நுனி எதையாவது சுற்றிச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். தேக்கு மரத்தை அது எங்கே போய்ச் சுற்றுவது? தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் படுத்துவிட்டது.

"சோம்பேறிக் கொடி!" என்று திட்டிய கரடி, அதைச் சேறு வைத்துச் சுவரில் ஒட்டியது. மழை வந்து சேற்றைக் கழுவிவிட்டது. பிறகு ஒரு முரட்டுக் கயிற்றால் மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியது. கொடியின் இலைகள் வாட ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு மைனா சேதி கொண்டுவந்தது. "கரடியாரே, உங்களுக்குக் குட்டி பிறந்திருக்கிறது! உங்கள் மனைவி மழைக்காலம் முடிவதற்குள் புறப்பட்டு வருகிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் நின்று பார்ப்பாளாம். சுவரில் பூ தெரிந்தால் ஆற்றைத் தாண்டுவாளாம். தெரியாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவாளாம்."

கரடி பொத்தென்று உட்கார்ந்தது. "என் குட்டி எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாதே!" என்று விம்மி விம்மி அழுதது.

அணிலுக்கு மனசு தாங்கவில்லை. ஆனால் நேராகச் சொன்னால் இந்த அண்ணன் காதில் ஏறாது என்று அதற்குத் தெரியும். கொஞ்சம் யோசித்தது.

"அழாதீர்கள் அண்ணே. அதோ, அந்த வழுக்குப் பாறையின் உச்சியில் ஒரு தேனடை இருக்கிறது. முதலில் போய் அதைச் சாப்பிடுங்கள். அப்புறம் பேசலாம்."

தேன் என்றதும் அழுகை நின்றது. கரடி ஓடிப்போய்ப் பாறையில் ஏறியது. சர்ரென்று வழுக்கி விழுந்தது. பாய்ந்து ஏறியது. மறுபடியும் விழுந்தது. கட்டிப்பிடித்துப் பார்த்தது. கைகள் பாதிப் பாறைக்குக்கூட எட்டவில்லை. கடைசியில் மூக்கு சிராய்த்ததுதான் மிச்சம்.

"ஏன் அண்ணே, பாறைக்குப் பலம் போதவில்லையோ?" என்று கேட்டது பின்னாலேயே வந்த அணில்.

"பலத்துக்கு என்ன குறைச்சல்!"

"சின்னப் பாறையோ?"

"உனக்குக் கண் தெரியவில்லையா? எவ்வளவு பெரிது! பெரிதாக இருந்து என்ன செய்ய? என் கைக்குப் பிடிக்க ஒரு பிடி இல்லையே!"

கரடி மெல்லத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தது. தேக்கு மரத்தைப் பார்த்தது. வாடிக் கிடந்த காந்தளையும் பார்த்தது.

"தம்பி, அந்தக் கொடிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?"

"இப்படித்தான் அண்ணே. அப்புறம், பாறை மேல் தேன் ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிட்டு அணில் எட்டாத கிளைக்குத் தாவிக்கொண்டது.

கரடி கோபித்துக்கொள்ளவில்லை. "கொடிக்கு எவ்வளவு தடிமனில் வேண்டும்?" என்று கேட்டது.

"விளக்குமாற்றுக் குச்சி அளவு."

"அவ்வளவு ஒல்லியா? நான் கட்டிய வீட்டில் விளக்குமாற்றுக் குச்சியா? பார்ப்பவர்கள் சிரிப்பார்களே!"

"சிரிக்கட்டும். குட்டி வேண்டுமா, வேண்டாமா?"

கரடி போய்க் குச்சி பொறுக்கி வந்தது. அதில் பாதி அதன் கையிலேயே நொறுங்கிப்போனது. மிச்சக் குச்சிகளை அணில் நாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியது.

"சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள் அண்ணே. இலை நுனி குச்சிக்குப் பின்னால் போய்ச் சுற்றி வர இடம் வேண்டும்."

கரடி முரட்டுக் கயிற்றை அவிழ்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, கொடியை மெதுவாகக் குச்சிகளின் மேல் சாய்த்தது. மறுநாள் பார்த்தால் ஓர் இலை நுனி குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தது! பிறகு இன்னொன்று. காந்தள் தானாகவே ஏறிப்போய்க் கூரையைத் தொட்டது. மழை முடியும் முன்னே சுவர் முழுக்கப் பூத்தது.

ஆற்று மேட்டில் நின்று பார்த்த பெண்கரடி, குட்டியோடு ஆற்றில் இறங்கியது.

கரடி இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு ஓடியது. குட்டியின் அருகில் போனதும் நின்றுவிட்டது. விரித்த கைகளை மடக்கிக்கொண்டது. குனிந்து, ஒரே ஒரு விரலை மட்டும் நீட்டியது.

குட்டி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

நீதி: நம் பலத்தைக் காட்டுவது உதவி ஆகாது, அடுத்தவர் கைக்குப் பிடியாக இருப்பதே உதவி.