ஊறுகாய் பாட்டிலும் இரண்டாம் கியரும்

“குருவே, தண்ணியா ஊத்தினாலும் தப்பு, கெட்டியா ஊத்தினாலும் தப்புன்னா நான் என்னத்ததான் ஊத்தறது?”

மேட்டுப்பாளையத்தில், ஸ்டெல்லாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பொன்னுரங்கம் கத்தினான். இருவருக்கும் ஒரே வயசு. ஆனாலும் பழைய கார் என்று வந்துவிட்டால் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவான். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

மனுசனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது.

போன வருஷம் குன்னூர் மலையேறும் பழைய கார் போட்டிக்கு, புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயிலை எஞ்சினில் ஊற்றிக்கொண்டு போனான். பர்லியார் தாண்டியதும் சூடு ஏறி, ஆயில் பிரஷர் முள் படுத்துவிட்டது. பால் வண்டி கட்டி இழுத்து வந்தது. ஊரே சிரித்தது.

“இந்தத் தடவையும் நின்னா காரைக் காயலான் கடைக்குப் போட்டுடறேன்” என்று பெண்டாட்டியின் அண்ணன் துரைக்கண்ணுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். வீம்புக்குக் கொடுத்த வாக்கு. நாளை மறுநாள் போட்டி.

அந்தப் பயத்தில் எஞ்சின், கியர் பாக்ஸ் இரண்டுக்கும் கடையில் இருந்ததிலேயே கெட்டியானதாக வாங்கி ஊற்றியிருந்தான். இப்போது காலையில் வண்டியை எடுத்தால் இரண்டாம் கியர் விழமாட்டேன் என்று கரகரக்கிறது.

ஸ்டெல்லா கியர் பாக்ஸ் ஆயில் டப்பாவைத் திறந்தாள்.

“கையை நீட்டுங்க.”

நீட்டினான். உள்ளங்கையில் ஊற்றினாள். தன் சாப்பாட்டுப் பையிலிருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

“திறங்க.”

மூடி வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். ம்ஹூம்.

“கியர் மாத்தறப்ப உள்ள ஒரு பித்தளை வளையம் பல்சக்கரத்தைப் பிடிக்கணும். அது கையிலயும் இதைத்தான் பூசி வச்சிருக்கீங்க.”

“அடக் கடவுளே! அப்ப எஞ்சினுக்கும் மெல்லிசா?”

வெயிலில் சாய்த்து வைத்திருந்த தகரத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். தொட்டால் சுட்டது. போன வருஷம் அவன் ஊற்றின மாதிரி மெல்லிய ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விட்டாள். விழுந்ததும் தரைக்கு ஓடிவிட்டது. இந்த வருஷத்து எஞ்சின் ஆயிலில் ஒரு சொட்டு விட்டாள். அது வழியெல்லாம் பூசிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

“ரெண்டும் ஒரே கார்தானே குருவே?”

“நீங்களும் ஒரே ஆள்தானே? செருப்பைத் தலையிலயா போட்டிருக்கீங்க?”

பொன்னுரங்கம் காருக்கடியில் போனான். எஞ்சினைத் தொடவில்லை. கியர் பாக்ஸை மட்டும் வடித்து, மெல்லிய ஆயிலை ஊற்றினான்.

போட்டியன்று துரைக்கண்ணு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடியில் தூக்குச்சட்டி நிறையத் தயிர்சாதம். கையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்.

“பால் வண்டி வர்ற வரைக்கும் பசிக்குமில்ல மாப்ளே?”

பொன்னுரங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியைத் திருப்பினான்.

நல்ல குளிர். இரண்டாம் கியர் ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது.

பர்லியார் வந்தது. போன வருஷம் நின்ற வளைவும் வந்தது. துரைக்கண்ணு தூக்குச்சட்டி மூடியில் கை வைத்தார். பொன்னுரங்கம் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்தான்.

முள் அசையவில்லை.

வளைவு பின்னால் போயிற்று. அடுத்த ஏற்றத்தில் முன்னால் போன காரை முந்தினான். அதற்கு முன்னால் போனதையும் முந்தினான்.

“அப்படிப் போடு மாப்ளே!”

கத்தியது துரைக்கண்ணுதான்.

குன்னூரில் முதல் ஆளாகப் போய் நின்றார்கள். பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் பானெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தான். கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றிக் காருக்குப் போட்டான்.

பின்னால் வந்தவர்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள்.

“ரகசியத்தைச் சொல்லுங்க சார். அப்படி என்ன ஆயில் ஊத்தினீங்க?”

பொன்னுரங்கம் டிக்கியைத் திறந்து, மிச்சமிருந்த கெட்டி ஆயில் டப்பாவை எடுத்தான்.

“கையை நீட்டுங்க” என்றான். “மச்சான், அந்த ஊறுகாய் பாட்டிலை இப்படிக் குடுங்க.”