வெயில்கல்லும் வால் வரிசையும்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஒரு குரங்குக் கூட்டம் வெயிலை விற்றுப் பிழைத்துவந்தது.

வெயிலை எப்படி விற்க முடியும் என்று கேட்பீர்கள். காட்டின் நடுவே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அதன்மேல் கூழாங்கற்களைப் பரப்பிவைத்தால் பகலெல்லாம் காய்ந்து சூடேறிவிடும். சாயங்காலம் குரங்குகள் அந்தக் கற்களைப் பொந்து பொந்தாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஒரு வெயில்கல்லைப் படுக்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டால் விடியும்வரை குளிர் தெரியாது. காலையில் ஆறிய கல்லை வாசலில் வைத்துவிட வேண்டும்.

கூட்டத்தின் தலைவன் பெயர் கடுவன். கல்லுக்கு அது கேட்ட விலை கடலை. காட்டை ஒட்டிய கொல்லைகளில் அறுவடை முடிந்தபின் மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும் கடலையை எல்லா விலங்குகளும் பொறுக்கிச் சேர்த்துவைக்கும். குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவதும் அதைத்தான், கல்லுக்குக் கொடுப்பதும் அதைத்தான்.

வெயில் அடிக்கும் நாளில் கல்லுக்கு ஒரு கடலை. பனிமூட்டம் போட்டுவிட்டால் மொட்டைப் பாறை சூடாகாது. மூட்டத்துக்கும் மேலே நிற்கும் உச்சிப் பாறைவரை ஏறி இறங்க வேண்டும். அன்றைக்குக் கடுவன் சொல்வதுதான் விலை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் கடுவன் ஆலமரத்தடியில் வந்து உட்கார்ந்து ஒரு புதுச் செய்தி சொன்னது. வெயிலடித்தாலும் சரி, மூட்டம் போட்டாலும் சரி, இன்றிலிருந்து மாசியில் கல்யாண முருங்கை சிவப்பாகப் பூக்கும்வரை தினம் ஒரு கல்லுக்கு இரண்டு கடலைதான். வேண்டும் என்பவர்கள் மரத்தடி ஈரக் களிமண்ணில் பாதம் பதிக்க வேண்டும். பதித்தபின் நடுவில் மனம் மாறக் கூடாது. கல்லை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பூ பூக்கும்வரை கடலை கொடுத்தாக வேண்டும். களிமண் காய்ந்துவிட்டால் இந்த விலை கிடையாது.

அந்தக் காட்டில் ஒரு மூஞ்சூறு இருந்தது. அதற்கு அதுதான் முதல் பேறு. ஐந்து குட்டிகள், ஒன்றுக்கும் இன்னும் ரோமம் முளைக்கவில்லை. முந்தின நாள் காலையில் கடைசிக் குட்டி விறைத்துக் கிடந்தது. வயிற்றோடு சேர்த்து வெகுநேரம் அணைத்த பிறகுதான் காலை அசைத்தது. அதிலிருந்து மூஞ்சூறு பயந்துபோயிருந்தது. காற்றில் சருகு அசைந்தாலும் குளிர்தான் வருகிறது என்று நினைத்தது.

கடுவன் சொன்ன செய்தி காதில் விழுந்ததும் அது குட்டிகளைக் கிளப்பியது. மூஞ்சூறுகள் வெளியே போகும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாயின் வாலை மூத்த குட்டி வாயில் கவ்விக்கொள்ளும். அதன் வாலை அடுத்தது கவ்விக்கொள்ளும். இப்படி ஐந்தும் ஒரே கயிறு போலப் பின்னால் வரும். கண் சரியாகத் தெரியாத குட்டிகளுக்கு முன்னால் இருக்கும் வால்தான் வழி.

ஆலமரத்தடியில் பெரிய வரிசை நின்றது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கொல்லை வேலிவரை வந்திருந்தது. மூஞ்சூறு கடைசியில் போய் நின்றுகொண்டு, இந்த விலை நல்ல விலைதானா என்று முன்னால் நின்ற மலையணிலைக் கேட்டது.

"நல்ல விலையாக இல்லாவிட்டால் முயல் நிற்குமா?" என்றது மலையணில்.

முயலைக் கேட்டதற்கு அது முள்ளம்பன்றியைக் காட்டியது. முள்ளம்பன்றி விவரமான ஆளாம், ஒன்றும் யோசிக்காமல் செய்யாதாம். முள்ளம்பன்றியோ, நமக்கு முன்னால் காட்டுக்கோழி குடும்பத்தோடு நிற்கிறதே, அதற்கு என்ன பைத்தியமா என்று கேட்டது. மூஞ்சூற்றுக்கு இதைக் கேட்டுத் தைரியம் வந்தது. இத்தனை பேர் தவறு செய்யமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டது.

வரிசை நகர்ந்தது. அப்போது கடைசிக் குட்டிக்குத் தும்மல் வந்தது. தும்மியபோது வாயிலிருந்த வால் நழுவிவிட்டது. குட்டி அவசரமாக மூக்கால் துழாவி, பக்கத்தில் அகப்பட்ட ஒரு வாலைக் கவ்விக்கொண்டது.

அது உடும்பின் வால். உடும்பு பாதம் பதித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூஞ்சூறு திரும்பிப் பார்த்தது. நான்குதான் இருந்தன. உடும்பு எதையெல்லாம் தின்னும் என்பது அதற்குத் தெரியும். வரிசையில் பிடித்த இடத்தை விட்டுவிட்டு, நான்கையும் இழுத்துக்கொண்டு புல்லில் விழுந்து எழுந்து ஓடியது. பாறை இடுக்கின் வாசலில் உடும்பு நின்றுகொண்டிருந்தது. அதன் வால் நுனியில் கடைசிக் குட்டி கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது.

"இது உன் சரக்கா?" என்றது உடும்பு. "பயப்படாதே. நான் காலையிலேயே சாப்பிட்டாகிவிட்டது. எந்த வால் என்று பார்த்துப் பிடிக்கச் சொல்லிக்கொடு."

மூஞ்சூறு குட்டியைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டது. மூச்சிரைப்பு அடங்கியபின், வரிசையில் முதலில் நின்றது யார் என்று கேட்டது. எல்லாரும் முன்னால் நிற்பவரைக் காட்டினார்கள், முதலில் நின்றவர் யாரைப் பார்த்து நின்றார் என்று அதற்கு இப்போது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நான்தான். நான் போனபோது ஒருவரும் இல்லை. வேலையை முடித்துத் திரும்பினால் காடே நிற்கிறது. ஏன் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது."

"நீங்கள் ஏன் பதித்தீர்கள், மாமா?"

"எனக்கு ரோமம் இல்லை. உடம்பில் சொந்தச் சூடும் இல்லை. ஒருநாள் கல் வராவிட்டால் மறுநாள் என்னால் தலையைத் தூக்க முடியாது. முருங்கை பூக்கும்வரை எனக்குக் கல் இருந்தே தீர வேண்டும்." உடும்பு நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்துக்கொண்டது. "உனக்கு எதுவரை வேண்டும்?"

கேட்டுவிட்டு உடும்பு இடுக்குக்குள் போய்விட்டது.

மூஞ்சூறு வரிசைக்குத் திரும்பாமல் வீட்டுக்குப் போனது. குட்டிகளை வெளிச்சத்தில் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. மூத்ததின் முதுகில் அடுப்புக்கரி தேய்த்தது போல ஒரு நிழல் படர்ந்திருந்தது. ரோமம். வானத்தில் அப்போது மூன்றாம் பிறை. பிறை முழுநிலவாவதற்குள் ஐந்துக்கும் ரோமம் மூடிவிடும். அதன்பின் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்தாலே போதும், கல் வேண்டாம்.

பிறகு கடலைக் குவியலைப் பார்த்தது. முருங்கை பூக்கும்வரை தினம் இரண்டு கொடுத்தால் குவியலில் தோல்தான் மிஞ்சும். குட்டிகள் சூடாக இருக்கும், பசியோடு இருக்கும். முழுநிலவுவரை மட்டும் என்றால், மூட்டம் போட்டு விலை ஏறினாலும் குவியலில் பாதியாவது நிற்கும்.

குட்டிகளோடு மறுபடி ஆலமரத்தடிக்குப் போனது. களிமண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. முழுநிலவுவரை மட்டும் இரண்டு கடலை விலைக்குக் கல் தர முடியுமா என்று கடுவனைக் கேட்டது.

"நிலவுக்கெல்லாம் நான் கல் விற்பதில்லை, தங்கச்சி. முருங்கை பூக்கும்வரை வாங்கு. இல்லாவிட்டால் அன்றன்றைய விலைக்கு வாங்கு."

"அப்படியானால் அன்றன்றைய விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்."

கடுவன் முதுகைச் சொறிந்துகொண்டே குட்டிகளைப் பார்த்தது. "நாளைக்கே மூட்டம் இறங்கினால் மூன்று கேட்பேன். நான்கும் கேட்பேன். அப்போது வந்து அழக் கூடாது."

மூஞ்சூறு கடைசிக் குட்டியைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. "அழுதால் கடலையைக் கொடுத்துவிட்டுத்தான் அழுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தது.

கடுவன் பொய் சொல்லவில்லை. சில நாட்களிலேயே மூட்டம் இறங்கியது. இறங்கியது அப்படியே உட்கார்ந்துவிட்டது. எதிரே இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. கல்லுக்கு மூன்று கடலை ஆயிற்று, பிறகு நான்கு ஆயிற்று. மூஞ்சூறு கொடுத்தது. பொந்தின் வாசலைக் காய்ந்த புல்லால் அடைத்தது. படுக்கையைச் சின்னதாக்கி, கல்லைச் சுற்றி ஐந்தையும் வட்டமாகப் போட்டது. கடைசிக் குட்டிக்கு எப்போதும் கல்லை ஒட்டிய இடம்.

நான்கு கடலை கொடுத்த முதல் நாள் அது ஆலமரத்தடிக்குப் போய்க் களிமண்ணைத் தொட்டுப் பார்த்தது. காய்ந்து வெடித்திருந்தது. எல்லாருடைய பாதமும் அதில் இருந்தது.

மேலே கிளையில் உட்கார்ந்திருந்த மலையணில் அதைப் பார்த்துவிட்டது. "என்ன, மூஞ்சூற்றம்மா, எதையாவது தொலைத்துவிட்டாயா? எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டுதான்."

மூஞ்சூறு வீட்டைப் பார்த்து நடந்தது. மலையணில் சொன்னது உண்மை.

குவியல் ஒரு பக்கம் சரிந்தது. அதற்கு ஈடாகக் குட்டிகளின் முதுகு கறுத்தது. முதலில் மூத்தது, பிறகு நடுவில் இருந்தவை, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் கடைசிக் குட்டி. மூட்டத்துக்குள் மங்கலாக முழுநிலவு வந்த அன்று மூஞ்சூறு கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, குட்டிகளின் நடுவே மூக்கை நுழைத்துப் பார்த்தது. கல் இருந்த இடத்தில் இருந்த சூடு அங்கேயும் இருந்தது. கடைசிக் குட்டி தூக்கத்தில் தாயின் மூக்கை உதைத்தது.

காலையில் ஆறிய கல்லை வாசலில் வைத்து, மேலே ஒரு சருகால் மூடியது. இனி வேண்டாம் என்பதற்கு அந்தக் காட்டில் அதுதான் அடையாளம்.

கல்லை எடுக்க வந்த கடுவன் சருகைத் தூக்கிப் பார்த்தது. "இன்னும் மார்கழியே பிறக்கவில்லையே, தங்கச்சி."

"எங்கள் வீட்டில் குளிர்காலம் முடிந்துவிட்டது, அண்ணா."

மார்கழி பிறந்தது. மூட்டம் விலகி வெயில் வந்தது, கல் ஒரு கடலைக்கு இறங்கியது. பாதம் பதித்தவர்கள் இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடும்பும் இரண்டுதான் கொடுத்தது; அது விலையைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. தினமும் தலையைத் தூக்க முடிந்தது, அது போதும் அதற்கு.

மலையணிலின் சங்கதி வேறு. அதன் வால் அதன் உடம்பைவிடப் பெரியது. பிறந்ததிலிருந்து அந்த வாலைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கிவந்தது. கல்லைக் கூட்டுக்குள் வைத்தால் புழுங்கியது. அதனால் தினமும் கல்லை வாங்கி, கிளைக் கவட்டில் வெளியே வைத்துவிட்டுத் தூங்கியது. கடலை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தை முடிவதற்குள் அதன் குவியல் தீர்ந்தது. முருங்கை பூக்கும்வரை மரப்பட்டையைச் சுரண்டித் தின்றது. மூஞ்சூற்றின் வாசலில் புதுக் கடலைத் தோல் கிடப்பதை அது மேலேயிருந்து தினமும் பார்த்தது.

அடுத்த வருஷமும் ஐப்பசி மழை விட்டது. கடுவன் இன்னும் வந்து உட்காரக்கூட இல்லை. மூஞ்சூற்றுக்கு இப்போது புதிதாக நான்கு குட்டிகள். இந்த முறை என்ன விலை, எதுவரை என்று கேட்டுவைக்கலாம் என்று அவற்றை இழுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்கு வந்தது. வந்து கொஞ்ச நேரம் காத்திருந்தபின் குட்டிகளை எண்ணத் திரும்பியது.

கடைசிக் குட்டிக்குப் பின்னால் மலையணில் நின்றது. மலையணிலுக்குப் பின்னால் முயல். அதற்குப் பின்னால் முள்ளம்பன்றி. வரிசை மரத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

"எதற்கு நிற்கிறீர்கள், அண்ணா?" என்று கேட்டது மூஞ்சூறு.

"போன வருஷம் கெட்டிக்காரத்தனம் செய்தவள் நீதானே," என்றது மலையணில். "இந்த வருஷம் நீ என்ன செய்கிறாயோ அதுதான் நாங்களும்."

மூஞ்சூறு மலையணிலின் வாலைப் பார்த்தது. தன் குட்டிகளைப் பார்த்தது. பிறகு நான்கும் சரியான வாலைத்தான் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, விலையைப் பிறகு தனியாக வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டைப் பார்த்து நடந்தது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது. வரிசை பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

உடும்பு மட்டும் எதிர்ப்பக்கமாக, ஆலமரத்தை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

நீதி: எது வேண்டும், எதுவரை வேண்டும் என்பதை உன் வீட்டைப் பார்த்து முடிவுசெய், முன்னால் நிற்பவரைப் பார்த்து அல்ல.