அழாத ஈயம்

முன்னொரு காலத்திலே, கடலும் கழியும் சூழ்ந்த தென்கழி நாட்டை மகரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவான். கோபத்தை மட்டும் மறக்கமாட்டான்.

அவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை. கோட்டை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கவேண்டும். குறையுள்ளவன் அடித்தால் ஊரே கேட்கவேண்டும். "குடிகள் கொடுக்கிற உலோகத்தில்தான் மணி. யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது!" என்று பறையறைவித்தான்.

ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். செட்டித் தெருவில் ஓட்டைச் செம்புக் குடங்களும் நசுங்கிய வெள்ளீயப் பாத்திரங்களும் குவிந்தன. வேறொன்றும் இல்லாத வலைஞர் தெருவார், வலையில் கட்டுகிற காரீயக் குண்டுகளையே அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தந்தத் தெருவிலேயே உருக்கி, விரல் தடிமன் பாளங்களாக்கி அரண்மனைக்கு அனுப்பினார்கள்.

பண்டாரத் தலைவர் விழுப்பரையருக்குச் செம்பு அடையாளம் தெரிந்தது, சிவப்பாக இருந்ததே! மற்றதெல்லாம் புது வார்ப்பில் ஒரே பளபளப்பு. எது வெள்ளீயம், எது காரீயம்? யாரையாவது கேட்டிருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பண்டாரம் காத்த வம்சம், போய்க் கேட்குமா? எல்லாவற்றுக்கும் வெள்ளீயம் என்று ராஜமுத்திரை குத்திவிட்டார்.

கன்னான் வயிரவன் மணி வார்த்தான். ராஜா அடித்தான். ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல் 'தொப்' என்றது.

"காரீயம் கலந்திருக்கு மகாராஜா. செம்போட வெள்ளீயம் சேர்ந்தாத்தான் மணிக்கு நாதம் வரும். பாளத்தைச் சோதிக்கணும்னு கேட்டேன், பண்டாரத்திலே விடலை," என்றான் வயிரவன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" என்று சீறினார் விழுப்பரையர். "ராஜமுத்திரையைச் சந்தேகிப்பதும் ராஜாவைச் சந்தேகிப்பதும் ஒன்றுதான்!"

போதாதா ராஜாவுக்கு? "மிச்சமிருக்கும் பாளத்தில் மறுபடி வார். அதுவும் தொப்பென்றால் உன் வலது கை உனக்கில்லை!"

மந்திரி பெருநம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தீக்காயம் பட்டுப் பட்டுத் தழும்பேறிய அந்தக் கையே கண்ணில் நின்றது. பாளம் மாறாமல் மணி மாறாது. ஆனால் ராஜாவிடம் நேரே போய்த் தப்பு என்றால் கோபம் இன்னும் முறுகும். மந்திரிப் பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருக்கும் விழுப்பரையர் அதில் எண்ணெய் வார்ப்பார். பெருநம்பி ஒருகாலத்தில் துறைமுகத்தில் சுங்கம் பார்த்தவர். அங்கே கேட்ட ஒரு சத்தம் நினைவுக்கு வந்தபிறகுதான் மூச்சு சீரானது.

மறுநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா, ஒரு வழக்கு. பண்டாரத்துப் பாளங்கள்மேல் ஆள்மாறாட்டக் குற்றம். அவற்றையே கூப்பிட்டு விசாரிக்கவேண்டும்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாளத்துக்கு வாய் உண்டா ஐயா?"

"மந்திரியாருக்கு வயதாகிவிட்டது, பாவம்," என்றார் விழுப்பரையர். "முத்திரை குத்தியதைச் சுரண்டக்கூடாது, வெட்டக்கூடாது, உருக்கக்கூடாது. ஞாபகம் இருக்கட்டும்!"

"எதுவும் வேண்டாம். கொஞ்சம் வளைத்தால் போதும்."

"முத்திரையும் வளையுமே!"

"வளைந்தால் என்ன?" என்றான் ராஜா. வேடிக்கை பார்க்கும் ஆசை அவனுக்கு. "நான்தான் தினமும் சாமி முன்னால் வளைகிறேன். ராஜா இல்லையென்று ஆகிவிட்டேனா? கொண்டா இங்கே!"

வளைத்தான். நறநறவென்று பாளம் கிறீச்சிட்டது. ராஜா அதைக் கீழே போட்டுவிட்டுச் சிம்மாசனத்தில் கால்களைத் தூக்கிக்கொண்டான்.

"அழுகிறதே ஐயா!"

"கடாரத்துக் கப்பல்காரர்கள் வெள்ளீயத்தைக் காதில் வைத்துத்தான் வாங்குவார்கள் மகாராஜா. அசலை வளைத்தால் அழும். காரீயம் ஊமை. இப்போது பண்டாரத் தலைவர் ஒன்று எடுக்கட்டும்."

விழுப்பரையர் எடுத்து வளைத்தார். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் வாய் திறக்கவில்லை. வேர்வை மட்டும் வழிந்தது.

"நெஞ்சழுத்தக்காரப் பாளம் போலிருக்கிறது," என்றார் பெருநம்பி.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவோ தரையில் இறங்கி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வளைத்துக் காதில் வைத்து, அழுததை ஒரு பக்கமும் அழாததை ஒரு பக்கமும் போட்டான். ஊமைக் குவியல்தான் உயர்ந்தது. அவன் முகம் கறுத்தது.

"வயிரவன் கைக்குப் பதில் இவர் கையை வாங்குங்கள்!" என்று காவலர்களைப் பார்த்துக் கத்தினான்.

"வேண்டாம் மகாராஜா," என்று குறுக்கே வந்தார் பெருநம்பி. "இவர் திருடவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டார். அதற்குக் கை எதற்கு, வாய் போதும்."

ராஜா யோசித்தான். "சரி. ஊமைப் பாளங்களை இவரே சுமந்துபோய் வலைஞர் தெருவில் கொடுக்கட்டும். வாசலுக்கு வாசல் நின்று, 'தெரியாமல் முத்திரை குத்தினேன்' என்று சொல்லட்டும்." தன் பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான்.

அழுத பாளங்களைக் கொண்டு வயிரவன் மறுபடி வார்த்தான். மணி கோட்டை வாசலில் ஏறிய நாளில் ராஜா, "நீயே அடி," என்றான்.

அடித்தான். ஓங்காரம்போல் எழுந்த நாதம் கழியைத் தாண்டிக் கடல்வரை போனது. ஊரே மணியை அண்ணாந்து பார்த்து நின்றது. வயிரவன் மட்டும் குனிந்து, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.