கயத்தான் கேட்ட மோட்டார் சத்தம்

"களவு போன எம் மோட்டாருக்குச் சாயம் அடிச்சு, எங் கண்ணு முன்னாலயே விக்கிறியே, வெக்கமா இல்ல?"

படகுச் சங்கத் தலைவர் கயத்தான் கத்தியதை அப்படியே சொல்லிவிட்டேன். பழைய படகு மோட்டார்களை வாங்கிப் பிரித்து, புதுக்கி விற்பவள் பவுலின். மூன்று மோட்டார்களின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்த ஒன்றுக்கு எந்த ரசீதைக் காட்டுவாள்? கரையே கூடிவிட்டது.

"மோட்டாரைக் குடு, இல்ல பட்டறைய மூடு!" என்றார் கயத்தான்.

"ஒங்களுதுன்னு எப்படித் தெரியும், தலைவரே?"

"அது சத்தம் தூக்கத்துல கேட்டாலும் தெரியும்டி!"

"அப்ப கேட்டே சொல்லிருங்க."

தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கித்தானே மோட்டாரை ஓட்டிப் பார்ப்பார்கள்? பவுலின் பட்டறைக்குள் போய்ப் பீப்பாய் இருந்த மூலையைத் தார்ப்பாயால் மறைத்தாள். உள்ளே ஏதோ டபடபவென்று உறுமியது.

கயத்தான் கண்ணை மூடித் தலையாட்டினார். "இதேதான்! பெத்த புள்ள அழுகை எனக்குத் தெரியாதா?"

பவுலின் தார்ப்பாயை விலக்கினாள். பீப்பாயில் மோட்டார் சும்மா கிடந்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பழுதுக்கு வந்த மாதா கோயில் ஜெனரேட்டர்.

"புள்ளயத் தூக்கிட்டுப் போறதுன்னா, பங்குச்சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க."

கரை சிரித்த சிரிப்பில்தான் பவுலினுக்கு மூச்சே வந்தது. பட்டறை பிழைத்தது.

கயத்தான் வீறாப்பாகத் தண்ணீருக்கு நடந்தார். சண்டை நீண்ட நேரத்தில் கடல் உள்வாங்கி, அவர் படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. கூட்டத்துக்கு அப்போதுதான் வீட்டு வேலை ஞாபகம் வந்து, முதுகைக் காட்டி நடந்தது.

"யாராச்சும் ஒரு கை குடுங்களேம்ப்பா!"